நிரல் எழுதப் பழக முதல் புத்தகம் எது?



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் ஆசை. வீட்டில் சொன்னதும் அம்மா, "உன் அண்ணன் காலேஜில் படித்த புத்தகம் ஒன்று இருக்கிறதே! அதை எடுத்துப் படியேன்" என்கிறார். பரணிலிருந்து புத்தகம் இறங்குகிறது. 'பைத்தான்' என்ற மொழியைக் கற்பிக்கும் புத்தகம் அது. தூசியைத் தட்டிவிட்டு முதல் பாடத்தைத் திறக்கிறீர்கள். ஒரே ஒரு வரிதான் நிரல். 7-ஐ 2-ஆல் வகுத்து, விடையைத் திரையில் காட்டு என்று கணிப்பொறிக்குச் சொல்லும் வரி அது.

எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கணிப்பொறியில் அடிக்கிறீர்கள். விடை வரவில்லை; பிழைச் செய்தி ஒன்று வருகிறது. மீண்டும் அடிக்கிறீர்கள். மீண்டும் அதே செய்தி. மூன்றாம் முறையும் அப்படியே. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு வராது போலிருக்கிறது" என்று எழுந்துவிடுகிறீர்கள்.

இதில் தவறு யாருடையது? உங்களுடையது அல்ல. புத்தகம் எழுதியவருடையதும் அல்ல. அவர் எழுதிய நாளில் அந்த வரி ஒழுங்காகவே வேலை செய்தது. இடையில் மொழி மாறிவிட்டது. அது உங்களுக்குத் தெரியாததால், பழியை உங்கள் அறிவின் மேலேயே போட்டுக்கொண்டீர்கள். இப்படி முதல் வாரத்திலேயே ஆசையை விட்டுவிடுகிற மாணவர்கள் உண்டு. முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதற்கான வழிகளைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சமையல் குறிப்பும் நிரலும்

நிரல் என்பது கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை வரிசையாகச் சொல்லும் ஆணைத்தொடர். சமையல் குறிப்பு போன்றது என்று சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதியிருந்தால் அம்மா புரிந்துகொள்வார். "கடுகு தாளிக்கவும்" என்பதற்குப் பதில் "கடகு தாளிக்கவும்" என்று அச்சுப்பிழை இருந்தாலும் குழம்பு கெட்டுப்போகாது. கணிப்பொறிக்கு இந்த ஊகம் கிடையாது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் அது நின்றுவிடும்.

இதனால்தான் நிரல் கற்பிக்கும் புத்தகம் மற்றப் புத்தகங்களைப் போன்றதல்ல. 1980-இல் அச்சான இயற்பியல் புத்தகத்தில் ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் படித்தால், அது இன்றும் செல்லும். தண்ணீர் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. கணிப்பொறி மொழியோ மனிதர்கள் உருவாக்கியது. அதை உருவாக்கியவர்களே அவ்வப்போது திருத்துகிறார்கள். திருத்தத்துக்கு முன் எழுதிய புத்தகம், திருத்தத்துக்குப் பின் சில இடங்களில் பொய்த்துப்போகிறது.

ஆகவே புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது:

இது எந்தக் காலத்துப் புத்தகம்?

பைத்தான் மொழியையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி, 1991-இல் முதன்முதலில் வெளியிட்ட மொழி இது. பெயரைப் பார்த்து மலைப்பாம்பு என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்தது. இம்மொழியின் இரண்டாம் பதிப்பு 2000-இலும், மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பில் பழைய குறைகள் சிலவற்றைக் களைந்தார்கள். அதன் விளைவாக, இரண்டாம் பதிப்புக்காக எழுதிய நிரல்கள் பல மூன்றில் அப்படியே ஓடவில்லை. இரண்டாம் பதிப்பைப் பராமரிக்கும் பணி 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது.

அண்ணனின் புத்தகத்தில் இருந்தது இரண்டாம் பதிப்பின் வரி. உங்கள் கணிப்பொறியில் இருப்பதோ மூன்றாம் பதிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா? நிரல்களைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

இரண்டாம் பதிப்பில்: பிரின்ட் 7/2
மூன்றாம் பதிப்பில்: பிரின்ட்(7/2)

வேறுபாடு ஒரு ஜோடி அடைப்புக்குறிதான். மூன்றாம் பதிப்பில் அது கட்டாயம். அடைப்புக்குறி இல்லாமல் அடித்ததால்தான் மூன்று முறையும் பிழைச் செய்தி வந்தது.

இதோடு முடியவில்லை. விடையும் மாறியிருக்கிறது! இரண்டாம் பதிப்பில் 7/2 என்றால் விடை 3. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே விடையாக வரும்; மிச்சம் விடுபட்டுவிடும். மூன்றாம் பதிப்பில் விடை 3.5. 'சி' என்ற மொழியில் இதே 7/2 இன்றும் 3 தான். எந்த மொழி, எந்தப் பதிப்பு என்று அறியாமல் படித்தால் எவ்வளவு குழப்பம் வரும், பார்த்தீர்களா?

'சி' மொழிப் புத்தகங்களிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. போர்லண்ட் என்ற நிறுவனம் 1987-இல் 'டர்போ சி' என்ற மென்பொருளை வெளியிட்டது. சி மொழி நிரலை எழுதவும் ஓட்டவும் உதவும் மென்பொருள் அது. நம் நாட்டுக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் அதைக் கொண்டே சி மொழியைக் கற்பித்தார்கள். திரையைத் துடைத்துச் சுத்தமாக்க அதில் தனி ஆணை ஒன்று இருந்தது. அந்த ஆணை டர்போ சி-க்கு உரியது. சி மொழியின் பொது விதிகளில் சேர்ந்ததல்ல. அதை வைத்து எழுதிய புத்தகத்தைப் பார்த்து, லினக்ஸ் இயங்கும் பள்ளிக் கணிப்பொறியில் நிரல் அடித்தால், முதல் நிரலே தகராறு செய்யும்.

எனவே புத்தகத்தின் அட்டைக்கு அடுத்து, வெளியீட்டு விவரங்கள் அச்சிட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 'பதிப்பு' வேறு, 'மறு அச்சு' வேறு. "முதற்பதிப்பு 2006, மறு அச்சு 2022" என்று இருந்தால், 2006-இல் எழுதியதை 2022-இல் மறுபடி அச்சடித்திருக்கிறார்கள் என்றே பொருள். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. "திருத்திய இரண்டாம் பதிப்பு 2022" என்று இருந்தால் ஆசிரியர் மீண்டும் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார் என்று நம்பலாம். ஆண்டை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இது யாருக்காக எழுதிய புத்தகம்?

புத்தகம் புதியது, மொழியின் பதிப்பும் சரியானது. அது போதுமா? போதாது. உங்களுக்காக எழுதியதா என்று பார்க்க வேண்டும்.

கணிப்பொறி உலகில் மிகவும் புகழ்பெற்ற புத்தகம் ஒன்று உண்டு. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும், அவருடன் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ப்ரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-இல் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' என்ற நூல் அது. இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள்தான். முதல் நிரலாக உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியைத் திரையில் காட்டச் செய்யும் வழக்கம் இந்நூலால்தான் உலகெங்கும் பரவியது. இதன் இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது.

இவ்வளவு புகழ்பெற்ற நூலை முதல் புத்தகமாக வாங்கலாமா? நூலாசிரியர்களே முன்னுரையில் விடை சொல்லிவிட்டார்கள். இது நிரல் எழுதுவதை அரிச்சுவடியிலிருந்து கற்பிக்கும் நூல் அல்ல, மாறி, மடக்கு போன்ற அடிப்படைகளைப் படிப்பவர் ஓரளவு அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் செய்தி. முன்னுரையைப் படிக்காமல் இதை வாங்கிய மாணவர், பத்தாம் பக்கத்தில் திணறி, தன்னையே நொந்துகொள்வார். ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்த மாணவரோ இதை ஆனந்தமாகப் படிப்பார். பெரியவருக்குத் தைத்த சட்டையைச் சிறுவன் போட்டுக்கொண்டால் தொளதொளவென்று இருப்பது சட்டையின் குற்றமா?

ஆகவே கடையில் நிற்கும்போதே முன்னுரையைப் படியுங்கள். "இதற்கு முன் நிரல் எழுதியிராதவர்களுக்காக" என்ற கருத்து அதில் எங்கேனும் வருகிறதா என்று தேடுங்கள். எந்த வகுப்பு மாணவர்களை மனத்தில் வைத்து எழுதினார், எவ்வளவு கணிதம் வேண்டும், எந்த மென்பொருள் வேண்டும் என்பவற்றை நல்ல ஆசிரியர் முன்னுரையிலேயே சொல்லிவிடுவார்.

ஒரு பக்கச் சோதனை

சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்போம் அல்லவா? புத்தகத்தையும் அப்படி ஒரு பக்கத்தில் சோதித்துவிடலாம். அதற்கு ஏற்ற இடம் 'மடக்கு' பற்றிய பாடம். ஒரே வேலையைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதே மடக்கு.

நமக்குத் தெரிந்த ஏழாம் வாய்ப்பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பைத்தானில் அதற்கு இரண்டு வரிகள் போதும்:

ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 10):
        பிரின்ட்(7 * எண்)

'எண்' என்பது மாறி. அதாவது மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி. 1 முதல் 10 வரை அதில் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் 7-ஆல் பெருக்கிக் காட்டு என்று சொல்லியிருக்கிறோம். ஓட்டிப் பார்த்தால் 7, 14, 21 என்று வரிசையாக வருகிறது. கடைசியில் 63-இல் நின்றுவிடுகிறது. 70 எங்கே?

இங்கேதான் நல்ல புத்தகமும் சாதாரணப் புத்தகமும் பிரிகின்றன. சாதாரணப் புத்தகம், "10 வரை வேண்டுமென்றால் 11 என்று எழுத வேண்டும்" என்று ஒரு வரியில் விதியைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். நல்ல புத்தகம் காரணத்தைச் சொல்லும்.

காரணம் இதுதான். ரேஞ்ச் என்பதில் முதலில் எழுதும் எண் தொடங்கும் இடம். இரண்டாவது எண், நிற்கும் இடம். அதை எட்டியதும் மடக்கு நின்றுவிடும், அந்த எண்ணைச் செயல்படுத்தாது. இப்படி வைத்ததில் ஒரு வசதி உண்டு. 10-இலிருந்து 1-ஐக் கழித்தால் 9. மடக்கும் சரியாக 9 முறை சுற்றுகிறது. தொடங்கும் எண்ணைக் குறிப்பிடாமல் ரேஞ்ச்(10) என்று எழுதினால் 0 முதல் 9 வரை சரியாக 10 முறை சுற்றும். கழித்துப் பார்த்தாலே எத்தனை சுற்று என்று தெரிந்துவிடுகிறது. இந்தக் காரணம் புரிந்த மாணவர் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மறந்தாலும் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

நீங்கள் எடுத்த புத்தகத்தில் இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். 'ஏன்' என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா? அடுத்து, பாடத்தின் முடிவில் பயிற்சி இருக்கிறதா? "மடக்கு என்றால் என்ன?" என்று வரையறை கேட்கும் வினா பயிற்சியாகாது. "வாய்ப்பாட்டைத் தலைகீழாக 70-இலிருந்து 7 வரை வரச் செய்க", "ஒற்றைப்படை வரிகளை மட்டும் காட்டுக" என்று நிரலை மாற்றி எழுதத் தூண்டுவதே பயிற்சி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அது இந்தக் கலைக்கு மிகவும் பொருந்தும்.

பிழையைப் பற்றிப் பேசுகிறதா?

நிரல் எழுதுபவர்கள் எல்லோருமே பிழை செய்கிறார்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் செய்வார். அனுபவசாலி பிழையைக் கண்டு பதறுவதில்லை. தேடிப் பிடிக்கும் வழி அவருக்குத் தெரியும். முதல் புத்தகம் இந்த வழியைக் கற்பிக்க வேண்டும். எல்லா நிரல்களும் முதல் முறையே சரியாக ஓடுவது போலக் காட்டும் புத்தகம் உங்களைப் பாதி வழியில் கைவிட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். வயதைக் கேட்டு வாங்கி, அடுத்த ஆண்டு என்ன வயது என்று சொல்லும் நிரல் இது:

வயது = இன்புட்()
பிரின்ட்(வயது + 1)

14 என்று அடிக்கிறீர்கள். 15 என்று வர வேண்டும் அல்லவா? வரவில்லை. எழுத்துத் தொடரோடு எழுத்துத் தொடரைத்தான் சேர்க்க முடியும் என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது.

கணக்கு சரிதானே, ஏன் இந்தப் பிழை? விசைப்பலகை வழியாக வருவதையெல்லாம் பைத்தானின் மூன்றாம் பதிப்பு எழுத்துத் தொடராகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அடித்த 14 அதற்குப் பதினான்கு அல்ல. '1' என்ற குறியும் '4' என்ற குறியும் அடுத்தடுத்து நிற்பது, அவ்வளவே. வீட்டுக் கதவில் எழுதிய கதவு எண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் எண் வீட்டையும் 20-ஆம் எண் வீட்டையும் யாராவது கூட்டுவார்களா? அந்தக் குறிகளை உண்மையான எண்ணாக மாற்ற 'இன்ட்' என்ற ஆணை இருக்கிறது. முதல் வரியை வயது = இன்ட்(இன்புட்()) என்று மாற்றினால் 15 வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மாற்றாத அந்தப் பழைய நிரலே இரண்டாம் பதிப்பில் 15 என்று சரியாக விடை தரும்! அங்கே இன்புட் என்ற ஆணை வேறு விதமாக நடந்துகொண்டது. பழைய புத்தகம் இங்கேயும் உங்களை ஏமாற்றிவிடும்.

ஆகவே புத்தகத்தைப் புரட்டும்போது, "இப்படி ஒரு பிழைச் செய்தி வந்தால் இதுதான் பொருள்" என்று விளக்கும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஆசிரியர் வகுப்பறையில் மாணவர்களோடு உட்கார்ந்து பழகியவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பருமனைக் கண்டு மயங்காதீர்கள்

"பருமனான புத்தகத்தில்தானே நிறைய விஷயம் இருக்கும்? கொடுத்த காசுக்கு அதுதானே லாபம்?" என்று சிலர் நினைக்கலாம். இதைப் பற்றி ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆலன் டௌனி என்ற கல்லூரி ஆசிரியர் 1999-இல் ஜாவா என்ற மொழியைத் தொடக்க மாணவர்களுக்குக் கற்பித்துவந்தார். தேர்ச்சி பெறாதவர்கள் அதிகமாக இருந்தது அவரை வருத்தியது. காரணங்களில் ஒன்று பாடப்புத்தகம் என்று அவருக்குப் பட்டது. புத்தகம் மிகப் பெரிதாக இருந்தது. தேவையற்ற விவரங்கள் நிறைந்திருந்தன. மாணவர்கள் அதைப் படிக்கவேயில்லை. வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது அவரே ஒரு சிறிய புத்தகத்தை எழுத உட்கார்ந்தார். மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

அதை யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், மாற்றி எழுதலாம் என்று அனுமதி கொடுத்து வெளியிட்டார் டௌனி. வர்ஜீனியா மாநிலத்தில் ஜெஃப் எல்க்னர் என்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் அந்நூலைப் பைத்தான் மொழிக்கு மாற்றி எழுதினார். ஒரு பிரதியை டௌனிக்கு அனுப்பினார். தாம் எழுதிய புத்தகத்தைத் தாமே படித்துப் பைத்தான் கற்றுக்கொண்ட விசித்திர அனுபவம் டௌனிக்குக் கிடைத்தது! அந்நூல்தான் பின்னர் 'திங்க் பைத்தான்' என்ற பெயரில் வளர்ந்தது. அதிலும் பதிப்பைக் கவனிக்க வேண்டும். 2012-இல் வந்த முதற்பதிப்பு பைத்தான் இரண்டுக்கு உரியது. 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பு பைத்தான் மூன்றுக்கு உரியது.

நீங்கள் முடிக்கக்கூடிய சிறிய புத்தகம், முடிக்கவே முடியாத பெரிய புத்தகத்தைவிட மேலானது. அதே நேரத்தில், "ஏழே நாளில் நிபுணராகலாம்" என்று அட்டையில் ஆசை காட்டும் புத்தகத்தையும் நம்ப வேண்டாம். ஏழு நாளில் மிருதங்கம் வாசிக்க முடியுமா? முதல் புத்தகத்தை ஒழுங்காக முடிக்கச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில் பாடம் பயிலும் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். கணிப்பொறி மொழி ஆங்கிலச் சொற்களால் ஆனதுதானே, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தானே வரும் என்று அஞ்சுவோரும் உண்டு.

அந்த அச்சம் வேண்டாம். பைத்தான் தனக்கென்று ஒதுக்கிவைத்துள்ள ஆணைச் சொற்கள் ஏறத்தாழ 35 தான். இஃப், எல்ஸ், ஃபார், வைல் போன்ற சிறு சொற்கள். ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பைத்தான் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் முடியும். மேலே நாம் பார்த்த நிரல்களில் 'எண்', 'வயது' என்ற பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம், கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும்.

கடினமானது அந்த 35 சொற்கள் அல்ல; ஏன், எப்படி என்ற விளக்கங்களே. அவை எந்த மொழியில் உங்களுக்குச் சுலபமாகப் புரிகின்றனவோ அந்த மொழிப் புத்தகத்தை எடுங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்நூல் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 'மாறி', 'மடக்கு', 'செயற்கூறு', 'சரம்' என்ற தமிழ்ச் சொற்களுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களும் கூடவே பழகிவிடும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால் இந்தப் பழக்கம் உதவும்.

வீட்டில் கணிப்பொறி இல்லையென்றால்?

கவலை வேண்டாம். தாளும் பென்சிலும் போதும், தொடக்கத்துக்கு. வாய்ப்பாட்டு நிரலைத் தாளில் எழுதி, நீங்களே கணிப்பொறியாக மாறிக் கையால் ஓட்டிப் பாருங்கள். இப்படி ஓர் அட்டவணை போடுங்கள்:

முதல் சுற்று: எண் 1, திரையில் 7
இரண்டாம் சுற்று: எண் 2, திரையில் 14
மூன்றாம் சுற்று: எண் 3, திரையில் 21

இப்படியே ஒன்பதாம் சுற்று வரை எழுதுங்கள். கணிப்பொறி வைத்திருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியும் ஓடும்போது எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று தாளில் எழுதிப் பார்ப்பது பிழை தேடும் வழிகளில் மிக எளியது. பிறகு வாரம் ஒருமுறை பள்ளிக் கணிப்பொறி அறையில் ஆசிரியரிடம் கேட்டு, எழுதிவைத்த நிரல்களை ஓட்டிப் பாருங்கள். கையால் போட்ட விடையும் கணிப்பொறியின் விடையும் ஒன்றாக இருக்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி! பைத்தானைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதால் மென்பொருளுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

புத்தகத்துக்கும் உடனே பணம் கொடுத்துவிட வேண்டாம். முதலில் நூலகத்துக்குப் போங்கள். ஒரே மொழிக்கான இரண்டு மூன்று புத்தகங்களை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரே பாடத்தை எல்லாவற்றிலும் படித்துப் பாருங்கள். எது உங்களோடு பேசுவது போல் இருக்கிறதோ அதை எடுங்கள். ஒன்றைத் தொடங்கிய பின் அதை முடிக்கும் வரை வேறொன்றுக்குத் தாவ வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் மூன்று பாடங்களை மட்டும் படித்தவர், முதல் மூன்று பாடங்களையே பலமுறை படித்தவராகிறார்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. மொழியின் எந்தப் பதிப்புக்கு எழுதியது? என் கணிப்பொறியில் உள்ளது அதுதானா?
2. முன்னுரை யாரை அழைக்கிறது? புதிதாகத் தொடங்குபவரையா, தெரிந்தவரையா?
3. மடக்குப் பாடத்தில் 'ஏன்' என்பதற்கு விடை இருக்கிறதா?
4. நிரலை மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சிகள் உண்டா?
5. பிழைச் செய்திகளை விளக்குகிறதா?
6. இரண்டு மூன்று மாதங்களில் என்னால் முடிக்கக்கூடிய அளவா?

இந்த ஆறில் முதல் இரண்டுக்கும் சரியான விடை கிடைக்காவிட்டால் அந்தப் புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். மற்ற நான்கில் ஒன்றிரண்டு குறைந்தால் ஆசிரியரிடமோ நண்பர்களிடமோ கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

சரி, அண்ணனின் புத்தகத்தை என்ன செய்வது? பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். புதிய புத்தகத்தில் பத்துப் பாடம் முடித்த பிறகு அதை மறுபடி எடுங்கள். முதல் பக்கத்தில் உங்களை மூன்று முறை தடுத்து நிறுத்திய அந்த வரியைப் பாருங்கள். அடைப்புக்குறியைப் போட்டு ஓட்டுங்கள். 3.5 என்று வரும். புத்தகத்திலோ 3 என்று இருக்கும். ஏன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலேயே பென்சிலால் காரணத்தைக் குறித்துவையுங்கள். அப்படியே ஒவ்வொரு நிரலாக மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுதிக்கொண்டே போங்கள். நாளை உங்கள் தங்கையோ தம்பியோ அந்தப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினால், முதல் பக்கத்திலேயே மூடிவைக்க மாட்டார்கள்.